எழுத்துக் கெட்டது எங்கே?

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் இற்றைநாளில் இணையத்தளங்களை ஆக்குவோராகவும், அவற்றைத் தாங்கும் வழங்கிக் கணனிகளைப் பேணுவோராகவும் தொழில் புரிகின்றனர். அன்னார்க்கு நாடோறும் நேரும் இடர்களுள் ஒன்று தமிழாசிரியராகிய எம்மையும் தொடுவது. நேற்றுவரை செவ்வனே தோன்றிய தமிழ்ப் பக்கம், வழங்கியை மாற்றிய பின்னர்ப் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுதலே அது. பழைய மலர்களையும் மன்றக் குறிப்புக்களையும் இணையத்தில் ஏற்றும் முயற்சி பரவிவரும் இக்காலத்தில், கேட்டின் காரணத்தை அறியாது கைவைப்போமாயின் உள்ள எழுத்தையும் இழப்போம்.

கணனி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1991 இல் வெளிவந்த யுனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி எண்கள் வகுக்கப்பட்டன. அவ்வெண்களைச் சேமித்தற்கு 1992 இல் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் அமைத்த யூ.ரி.எப்-8 முறையே இன்று பெருவழக்கு. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைற்றும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றும் கொள்ளும். 'கி' நமக்கு ஓரெழுத்து. கணனிக்கோ ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. ஆகவே அதற்கு ஆறு பைற்று வேண்டும்.

திரையில் தோன்றும் கேட்டின் வடிவமே அது நிகழ்ந்த இடத்தைப் பெரிதும் காட்டிவிடும். தலைமேற் சாய்கோடுடைய சிறிய உரோம 'ஏ' எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் மீண்டும் மீண்டும் வருமாயின், மூன்று பைற்றும் மூன்று மேனாட்டு எழுத்துக்களாகத் தனித்தனியே வாசிக்கப்பட்டன என்க. எழுத்து முறை இன்னதென வழங்கி தன் தலைப்பில் அறிவிக்கும். பக்கமும் தன் முகப்பில் அறிவிக்கும். இரண்டும் முரணுமிடத்து உலாவி வழங்கியின் சொல்லையே நம்பும். இதனை அறியாதார் பக்கத்தைப் பத்துமுறை திருத்தியும் பயன் காணார். வழங்கியின் தலைப்பை முதலிலும், பக்கத்தை அடுத்தும், நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலுள்ள இணைப்பை அதன் பின்னும் நோக்குதல் முறை. கெட்டுத் தோன்றும் பந்தியைத் திறந்து அவ்வாறே மீளச் சேமித்தல் மட்டும் ஆகாது. சேமித்தால் பொய்யுருவமே மெய்யாகப் பதிந்து, சிக்கல் இருமடங்காகும்.

வெறுங் கட்டங்கள் தோன்றின் எழுத்துரு இல்லை என்பதே பெரும்பாலும் பொருள், தரவுக்குக் குறைவில்லை.

கேள்விக்குறிகள் நிரைநிரையாய் நிற்பதே அஞ்சத்தக்கது. தமிழ் இல்லாத எழுத்து முறைக்கு மாற்றும்போது இடமற்ற ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி இடப்படுகின்றது. இவ்விழப்பு சேமிக்கும்போது நிகழ்ந்ததா, காட்டும்போது நிகழ்ந்ததா என்பதைத் திரை சொல்லாது. தரவுத்தளத்தில் உள்ள பைற்றுக்களைப் பதினறும எண்ணாக எடுத்து நோக்குக. 'ஈ0' இடையிடையே வரின் எழுத்துப் பிழைத்தது. இணைப்பைத் திருத்தினாற் போதும். '3எப்' மட்டுமே தொடர்ந்து வரின் அகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டன; எந்நிரலாலும் அவற்றைப் பிரித்தல் இயலாது. முன்னெடுத்த காப்புப்படி ஒன்றே கதி. ஆதலின் மேலும் பதிவு சேராவண்ணம் தளத்தை உடனே நிறுத்துக. மாற்றம் எதனையும் படியொன்றிற் செய்து பார்த்த பின்னரே மூலத்திற் செய்க.

மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தில் 'யூ.ரி.எப்8' என நெடுங்காலம் வழங்கியது மூன்று பைற்றுக்கு மேற் கொள்ளாது. முக்காற் பங்கைக் கொடுத்து முழுப்பெயரை இட்டமை எமக்கு உடன்பாடன்று. அன்றாடத் தமிழ் அதனுள் அடங்குமெனினும், 2019 இல் யுனிக்கோட் ஏற்ற முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகள் நான்கு பைற்று வேண்டுவன. பழைய கணக்கேடுகளை ஏற்றுவோர் 2010 இல் வந்த நான்கு பைற்று வகையையே தெரிவாராக.

நம் நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புக்கள் வேறு வகையின. அங்கே 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டுளது. அது கேடன்று, யுனிக்கோட்டுக்கு மாற்றுவிக்கும் நிரல் கொண்டு மாற்றிக் கொள்ளலாம்.

இறுதியாக, பார்வைக்கு நன்றாயிருந்தும் தேடலில் அகப்படாத சொற்கள் உள. ஔகாரத்தைத் தனியெழுத்தாக இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடிப்போர் பலர். அவ்வாறு அடித்த 'ஒளவையார்' கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, கணனிக்கோ வேறொருவர். 'கோ' என்பதும் ஒரே ஓகாரக் குறியாலோ, ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாலோ அமையலாம். பின்னதை ஒருமைப்படுத்தும் நிரல்கள் யுனிக்கோட் விதிப்படியே உள. முன்னதற்கு அவை உதவா. பட்டியலைக் கையால் நோக்கித் திருத்துதல் வேண்டும்.