ஏ முதல் இசட் வரை

பங்க் இசை போட்டால் எங்கட பலெர்மோ வீடுகளில் "இதென்ன இரைச்சல்?" என்றுதான் கேட்பார்கள். இரைச்சல்தான். ஆனாலும் லண்டன் குழுவான யுகே சப்ஸின் கதையைப் பிள்ளைகளோடு இருந்து கேட்கலாம்.

1976இல் அதைத் தொடங்கிய சார்லி ஹார்ப்பர் முடி வெட்டும் தொழில் செய்தவர். அப்போது வயது 32. மற்ற பங்க் பாடகர் பலர் இருபதைத் தொட்டவர்கள். இவர் அவர்களுக்குச் சித்தப்பா மாதிரி. எங்கட பிள்ளை பதினாலு வயதில் மிருதங்கம் கேட்டால் 'இனிப் பிந்திப்போச்சு' என்கிறோம்!

ஹார்ப்பர் ப்ளூஸில் ஊறியவர், மௌத் ஓர்கன் வாசிப்பார். பாட்டுகள் கட்டையாக, வேகமாக ஓடினாலும் அடியில் அந்த ப்ளூஸ் கேட்கும். 1979இல் வந்த முதல் அல்பத்தின் பெயரே 'அனதர் கைண்ட் ஒஃப் ப்ளூஸ்'.

அது ஏ. அடுத்தது பி, பிறகு சி. இப்படியே ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்து, 2016இல் 'ஸீஸோ'வோடு இசட்டுக்கு வந்தார்கள். ஒல்லாந்து மொழியில் அதற்கு 'அப்பாடா, முடிஞ்சுது' என்ற மாதிரிப் பொருள். எக்ஸுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 24ஆவது எழுத்தல்லவா, ரோம இலக்கத்தில் 24 என்று எழுதிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த குறும்பு அது.

37 வருடங்கள். வாசித்தவர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், ஹார்ப்பர் மட்டும் நின்றார்.

"இத்தாலிய எழுத்து 21தானே அம்மா, இங்கே என்றால் கெதியா முடிச்சிருப்பினம்" என்றான் மகன்.

"தமிழில 247, தம்பி."

2022இல் இன்னொரு அல்பமும் வந்தது. பெயர் 'ரிவர்ஸ் எஞ்ஜினியரிங்'.