பிளாட்டினம் போய்க் கொட்டாங்குச்சிக் கரி வந்தது

காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகளும் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அத்தனை காலமாக மனிதர் புழங்கிய மண்ணில் கழிவுநீர் தலைவலியானது அண்மையில்தான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நாளில், குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கொல்லை வாழைக்குப் போயின.

இன்று சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என ஆலைகள் வந்தன. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இத்தனை பேரின் கழிவுநீரை எந்த வாழைத் தோட்டம் தாங்கும்? அப்படியே வெளியே விடவும் முடியாது. இப்பகுதி ஏரிகள் பலவும் செம்பரம்பாக்கம் ஏரியையும் அடையாற்றையும் நோக்கி வடிபவை.

ஆகவே எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அங்கே ப்ளோயர் ஓயாமல் காற்றூதினால்தான் நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும். 1914இல் மான்செஸ்டரில் பிறந்த முறை இது. நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதியை இந்தக் காற்றே விழுங்கிவிடும்.

காற்றூதாமலே வேலை வாங்க இன்னொரு வழியின் விதை 1911இலேயே விழுந்தது. நுண்ணுயிரிகள் மின்சாரம் தரும் என்று இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர் காட்டினார். இந்த அடிப்படையில் அமைந்த நுண்ணுயிர் மின்கலத்தில், காற்றுப்படாத ஆனோடு என்னும் மின்வாயில் கிருமிகள் அழுக்கைத் தின்று எலக்ட்ரான்களை விடுகின்றன. அவை கம்பி வழியே மறு மின்வாயான கேத்தோடுக்குப் போய், அங்கே தானாகப் புகும் ஆக்சிஜனோடும் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளோடும் சேர்ந்து நீராகின்றன. சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். கழிவுநீரில் ஆக்சிஜன் எளிதில் எலக்ட்ரானை ஏற்காது, வினையூக்கி வேண்டும்.

இந்தக் கலங்களில் முன்பு அந்த வினையூக்கி பிளாட்டினம். சாக்கடையைச் சுத்தம் செய்ய நகைக்கடைச் சரக்கு! போதாக்குறைக்கு, கழிவுநீரிலுள்ள சல்ஃபைடு பட்டால் அதன் வீரியமும் குறைந்துவிடும்.

2009இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழு, பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கம்பி வலையில் கிளர்வூட்டிய கரியை அழுத்திப் பார்த்தது. கேத்தோடின் சதுர மீட்டருக்கு 1,220 மில்லிவாட் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பிளாட்டின கேத்தோடு தந்தது 1,060. கரியின் பலம் அதன் நுண்துளைகள். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கும். தமிழ்நாட்டில் கொட்டாங்குச்சியிலிருந்து இந்தக் கரி ஏராளமாகத் தயாராகிறது. நைட்ரஜனும் இரும்பும் சேர்த்து அதன் வேகத்தைக் கூட்டுவது இன்றைய ஆய்வு. கரக்பூர் ஐஐடி இக்கலத்தைக் கழிப்பறைத் தொட்டியோடு இணைத்துக் காட்டியிருக்கிறது.

விலைச் சிக்கல் தளர்ந்தாலும் பாசிபோல் படரும் நுண்ணுயிர்ப் படலமும் உப்பும் கேத்தோடின் துளைகளை அடைக்கின்றன. கலத்தைப் பெரிதாக்கினால் திறன் சரிகிறது. கிடைக்கும் மின்சாரமோ சொற்பம். ஆலையை ஓட்ட உதவாது. ஆனால் இதை உற்பத்தியான யூனிட்டால் அளப்பது தவறு. ஓயாமல் ஓடும் ப்ளோயர்களில் எத்தனை நிற்கின்றன என்பதே ஒரகடம் பார்க்கவேண்டிய கணக்கு.