ஜொகூர்க் கோப்புகளில் தமிழர்: ஒரு சிறு காப்பகமும் அதன் பட்டியலும்

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடிச் செல்வது கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையுமே ஆகும். வசதியுள்ளவர் இலண்டன் வரையிலும் செல்வர். ஜொகூர் பாருவில் அத்தேசியக் காப்பகத்தின் கிளை ஒன்று இயங்கி வருவதும், ஜொகூர் அரசின் பழைய அலுவலகக் கோப்புகள் அங்கே பேணப்படுவதும் தமிழ் ஆய்வாளரிடையே போதிய அளவு பேசப்படுவதில்லை. அத்தகைய ஒரு சிறு காப்பகம் ஆய்வுக்கு எவ்வகையில் துணைநிற்கின்றது, அதன் கோப்புகளில் தமிழர் ஏன் எளிதில் தட்டுப்படுவதில்லை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஜொகூரின் தனிநிலை

ஜொகூர் ஆவணங்களின் இயல்பை அறிவதற்கு அம்மாநிலத்தின் ஆட்சி வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 1896ஆம் ஆண்டு பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டபோது ஜொகூர் அவற்றோடு சேரவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1895இல், சுல்தான் அபு பக்கார் தம் நாட்டிற்கு எழுத்துவடிவில் ஓர் அரசியலமைப்பை வழங்கியிருந்தார். 1910ஆம் ஆண்டில் டக்ளஸ் கேம்பல் என்னும் ஆங்கிலேயர் பொது ஆலோசகராக வந்தார். அப்பதவியின் அதிகாரம் 1914ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உறுதிப்பட்டது. இதன் விளைவு ஆவணங்களில் தெளிவாகத் தெரிகின்றது. ஒருபுறம் ஜாவி எழுத்தில் மலாய்மொழியில் அமைந்த அரசு எழுத்துகள். மறுபுறம் பொது ஆலோசகர் அலுவலகத்தின் ஆங்கிலக் கோப்புகள். கூட்டு மாநிலங்களின் வரலாற்றை ஆங்கிலக் கோப்புகளை முதன்மையாகக் கொண்டே எழுதிவிட முயல்வோர் உண்டு. ஜொகூரில் அது பாதி வரலாறாகவே முடியும்.

இம்மாநிலத்தில் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியதும் இதே காலப்பகுதியில்தான். கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என அப்பாதையை ஒட்டி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மிளகு, காசுக்கட்டிப் பயிர்களுக்காக ஆற்றோரங்களில் சீனர்க்கு வழங்கப்பட்ட 'சூராட் சூங்கை' உரிமைப் பத்திரங்களைக் கொண்டு அச்சமூகத்தின் ஜொகூர் வரலாறு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தமிழர்க்கு அவ்வாறான பத்திரம் ஏதும் வழங்கப்படவில்லை. அவர்கள் நிலம் பெற வந்தவரல்லர். கங்காணி அழைத்துவரத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள். ஆகவே, அவர்களைப் பற்றிய செய்தி பிறருடைய கோப்புகளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

கோப்பும் அதன் முகவரியும்

நூலகத்திற்கும் காப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் பலர் அறியாமலே உள்ளே நுழைகின்றனர். நூலகம் பொருள் வாரியாக அடுக்கும். காப்பகமோ ஆவணத்தைத் தோற்றுவித்த அலுவலகத்தின் வாரியாக அடுக்கும். எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எத்தனையாவது கோப்பு என்பவையே ஒரு கோப்பின் முகவரி. அலுவலகத்தில் இருந்த வரிசையைக் கலைக்காமல் காப்பது காப்பகக் கலையின் அடிப்படை விதி. வரிசை கலைந்தால், ஒரு கடிதத்திற்கு எந்தக் கடிதம் விடையாக எழுந்தது என்பதே தெரியாமற் போய்விடும்.

எனவே, 'தமிழர்' என்று கேட்டு ஒரு கட்டுக் கோப்புகளைப் பெற்றுவிட முடியாது. தமிழர் வாழ்க்கை எங்கெல்லாம் அரசின் பார்வையில் பட்டது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ளுக்கடை உரிமம், தோட்ட மருத்துவமனை, மலேரியாத் தடுப்பு, கோயில் கட்ட நிலம், சுடுகாடு, தோட்டப் பள்ளிக்கான உதவித்தொகை, சம்பளப் பாக்கி பற்றிய முறையீடு ஆகியவை அத்தகைய இடங்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையைச் சார்ந்தது. கோப்பின் தலைப்பில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருக்கக்கூடும். உள்ளே மூன்றாம் தாளில்தான் கங்காணியின் பெயர் வரும். தலைப்பை மட்டும் பதிந்த பட்டியல் அந்த மூன்றாம் தாளை ஆய்வாளனுக்குக் காட்டாது.

சொற்கள் மாறியதையும் கருத்திற் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளில் 'கிளிங்' என்றும், பின்னர் 'தமிழ்க் கூலிகள்' என்றும், 'தென்னிந்தியர்' என்றும், பொதுவாக 'இந்தியர்' என்றும் ஒரே மக்கள் குறிக்கப்பட்டனர். இழிவுக் குறிப்புடையது என்று நாம் இன்று ஒதுக்கும் சொல்லையே தேடுசொல்லாகக் கொள்ள வேண்டிய நிலை ஏற்படுகின்றது. அதனைத் தவிர்த்தால் பழைய ஆவணங்கள் அகப்படா.

பெயர் இழந்த வடிவு

எல்லாவற்றினும் கடினமானது ஆட்பெயர்ச் சிக்கலாகும். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு மறைகின்றது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின்றன. காளியப்பனும் கலியப்பனும் ஓர் எழுத்துக்கூட்டில் அடங்கிவிடுவர். வள்ளியா வல்லியா என்று தாளைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. ஜாவியிலோ சிக்கல் வேறு வகையானது. அதில் உகரத்தையும் ஒகரத்தையும் ஒரே எழுத்தே குறிக்கும். இகர எகரங்களுக்கும் அவ்வாறே. தமிழ் ஒலியை மலாய் எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். அதனைப் பின்னாளில் ரூமி எழுத்திற்கு மாற்றியவர் தமிழறியாதவராயின் பெயர் இரண்டாம் முறையும் சிதைகின்றது.

இடப்பெயரிலும் இதே நிலைதான். தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் தாமாகவே தமிழ்ப் பெயரிட்டு வழங்கினர். துரையின் பெயரால் ஒன்று, மலையின் பெயரால் ஒன்று, கங்காணியின் ஊரால் ஒன்று என அவை அமைந்தன. இலங்கையில் பெர்கூசன் ஆண்டுக் கையேடு தேயிலைத் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டு வந்தது. தொழிலாளரைக் கண்டறிய துரைமார்க்கு அது தேவைப்பட்டது. இன்று ஆய்வாளர்க்குத் தேவைப்படுகின்றது. ஜொகூர்த் தோட்டங்களுக்கு அவ்வாறான இணைப்பெயர்ப் பட்டியலை உருவாக்குதல், பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்ல ஆய்வாகும். ஒரு முதியவர் தாம் பிறந்த தோட்டத்தைத் தமிழ்ப் பெயரால் சொல்ல, அதன் ஆங்கிலப் பெயர் தெரியாமல் கோப்பைத் தேடமுடியாது நிற்பது ஆய்வுலகிற்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. சப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டவர் என்று மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தொகை நம்மிடம் உண்டு. எந்தத் தோட்டத்திலிருந்து எவர் சென்றார், எவர் திரும்பவில்லை என்பதற்குப் பெயர்களும் தோட்டங்களும் சரியாக இணைக்கப்பட்டாலன்றி விடையில்லை.

பட்டியல் செய்யும் பணி

பட்டியலிடுதலை எழுத்தர் வேலை என்று தாழ்வாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. தனிநாயக அடிகள் அவ்வாறு கருதவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தபோது, முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த 1966ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதே துறையைச் சேர்ந்த இராம சுப்பையா 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பதிவு செய்தது. பின்வந்த மலேசியத் தமிழிலக்கிய ஆய்வுகள் பலவற்றிற்கு அப்பட்டியலே அடித்தளம். அதிற் குறிக்கப்பட்ட வெளியீடுகளுள் எத்தனையோ பின்னர்க் கிடைத்தற்கு அரியனவாயின. அவை இருந்தன என்பதற்கு அப்பட்டியலே சான்று.

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா, பழைய நூல்களையும் இதழ்களையும் நாடக விளம்பரத் துண்டுகளையும் அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் ஏறத்தாழ ஒரு இலட்சம் பொருள்கள் கொண்ட அத்தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆயினும் அதைத் தன் நாட்டிற்குக் கொண்டுசெல்லாமல், 1994இல் தமிழகத்திலேயே நூலகமாக நிறுவ வழிசெய்தது. தனிமனிதர் ஒருவரின் ஆர்வம் தொகுப்பை உருவாக்கியது. நூற்பட்டியலும் நுண்படமும் அதை ஆய்வுக் கருவூலமாக்கின. பட்டியலில்லாத தொகுப்பைத் திரட்டியவர் மட்டுமே பயன்படுத்த முடியும்.

ஜொகூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்கூடாயிலுள்ள தென்கல்லூரி (2012 முதல் அது பல்கலைக்கழகக் கல்லூரி) மலேசியச் சீன இலக்கியத்திற்கெனத் தனிக் காப்பகம் ஒன்றை 1998ஆம் ஆண்டு தொடங்கியது. இலக்கியத்திற்கு மட்டும் என எல்லையை வகுத்துக்கொண்டது அதன் முதல் அறிவுடைமை என்பேன்.

காப்பகத்தின் வாயிலுக்கு வெளியே

2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் அரசுப் பதிவுகளைக் காப்பகத் தலைமை இயக்குநரின் இசைவின்றி அழிப்பதைத் தடுக்கின்றது. இது பெரும் பாதுகாப்பு. ஆயின், தமிழர் வாழ்வை மிக நெருங்கிப் பதிந்த ஏடுகள் பல அரசுப் பதிவுகள் அல்ல. தோட்டக் கிராணி எழுதிய செக்ரோல், கோயில் திருவிழாக் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, நாடக மன்றத்தின் அழைப்பிதழ் ஆகியவை தனியாருடையவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கு மாறியபோதும், கைமாறியபோதும் அலுவலக அலமாரிகள் காலியாயின. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய பெருநிறுவனங்கள் மூன்றும் ஒன்றானதையும் இவ்வகையில் நினைவிற் கொள்ளலாம்.

பள்ளிகளின் நிலை இடைப்பட்டது. ஜொகூரிலுள்ள ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளுட் பல தோட்டத்திற் பிறந்தவை. சில பின்னர் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. இடம்பெயரும் நாளில் நாற்காலி மேசைகள் எண்ணி ஏற்றப்படும். பழைய சேர்க்கைப் பதிவேடும் தலைமையாசிரியரின் நாட்குறிப்பும் அவ்வாறு எண்ணப்படுவதில்லை. மாணவனின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள், குடியிருந்த தோட்டம் அனைத்தும் ஒரே வரியில் அமைந்த ஏடு சேர்க்கைப் பதிவேடு. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டைக்கும் குடியுரிமைக்கும் அலைந்த குடும்பங்கள், கடைசியில் பழைய பள்ளியின் வாயிலில் வந்து நின்றதைத் தோட்டப்புற ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அவ்வேடு வரலாற்றாசிரியனுக்குச் சான்று. அக்குடும்பத்திற்கோ அதுவே இருப்பின் சான்று.

நாளேடுகளைப் பொறுத்தவரை நிலைமை சற்று ஆறுதலளிப்பது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவில் தந்துள்ளது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனுக்கும் அத்தகைய முழுமையான பொதுப் பயன்பாட்டு வடிவம் அமைதல் வேண்டும்.

ஆசிரியர்கள் தம் பள்ளியிலுள்ள பழைய ஏடுகளுக்கு உடனே செய்யத்தக்கவை சில உண்டு. பிசின் நாடாவை ஒட்டக்கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளித்துத் தாளை அரிக்கும். நெகிழிப் படலத்தில் வேகவைத்து அடைப்பது அதனினும் தீது. பின்னர் எவராலும் அதைப் பிரிக்க இயலாது. இந்நாட்டின் ஈரப்பதத்தில் தரையோடும் சுவரோடும் ஒட்டிய அலமாரி பூஞ்சைக்கும் கரையானுக்கும் இடமளிக்கும் என்பதால் ஏடுகளை உயர்த்தி, காற்றோட்டமாக வைத்தல் நலம். பக்கங்களுக்குப் பென்சிலால் எண்ணிட்டு, வரிசை கலையாமல் படமெடுத்து, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதைத் தனித்தாளில் எழுதி உடன்வைக்க வேண்டும். மூல ஏட்டை எவரிடமும் கொடுத்தனுப்புமுன் மாநிலக் கல்வித் துறையிடமும் ஜொகூர் பாருக் கிளையிடமும் முறைப்படி ஆலோசனை கேட்பது பொருந்தும். அத்தனித்தாளில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில், அங்கே வாழ்ந்தோர் வழங்கிய தமிழ்ப் பெயரையும் தமிழெழுத்திலேயே குறித்து வைக்க வேண்டும். அப்பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் இன்றும் சிலர் உள்ளனர்.