உங்களுக்குத் தெரியுமா? ஓடாமலேயே தசை சூடேறும்!

இலங்கை மலையகத்தின் அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விளையாட்டுப் போட்டி என்றால், காலைப் பனியில் பிள்ளைகளின் தொடை விறைத்துக் கிடக்கும். ஓடித்தான் சூடேற்ற வேண்டும் என்றில்லை. வெந்நீர்க் குளியலே வேகத்தைக் கூட்டும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் அஸ்முசனும் போயேயும் 1945இலேயே காட்டிவிட்டார்கள். தசையின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் ஏறினால், அதன் திறன் ஏறத்தாழ 4 சதவீதம் வரை கூடலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் வீரர்கள் மின்கலத்தால் சூடாகும் காற்சட்டை போட்டுக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பயிற்சியில் ஏறிய சூடு, சும்மா உட்கார்ந்தால் கால் மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் அந்த ஏற்பாடு. நமக்கு அது எதற்கு? கொழுந்தெடுக்கப் போன பாட்டிமார் தலையில் போட்டுக்கொண்ட கம்பளி இருக்கிறதே! பெயர் கூப்பிடும்வரை கால்களைச் சுற்றி வையுங்கள்.

இப்படிச் சூடேற்றுவது 100 மீட்டர், நீளம் பாய்தல் போன்றவற்றுக்குத்தான்; நெடுந்தூர ஓட்டத்துக்கு அல்ல. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; அதனால் அப்புத்தளையை விடச் சூடு அதிகம். அங்கே பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓடுகிறவர் முன்கூட்டியே சூடேறினால் சீக்கிரமே களைத்துவிடலாம்.