கிறிஸ் எவர்ட் வென்ற 157 பட்டங்கள்

டென்னிஸ் ஆட்டத்தின் விதிகளை அறியாதவர்கள்கூட விம்பிள்டன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அங்கு வெற்றி பெறும் வீராங்கனையின் படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வெளிவருகிறது. 'இவர் இத்தனை பட்டங்களை வென்றவர்' என்ற குறிப்பும் படத்தின் கீழே இருக்கும். நாமும் அந்த எண்ணைப் படித்து வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது எப்படிச் சேர்ந்த எண் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கிறிஸ் எவர்ட், ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் 157 பட்டங்களை வென்றவர். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் பெரும் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய 1968ஆம் ஆண்டுக்குப் பின், இதைவிட அதிகமான பட்டங்களைப் பெற்றவர் ஒருவரே. 167 பட்டங்களை வென்ற மார்ட்டினா நவ்ரத்திலோவாவே அவர்.

கிறிஸ் எவர்ட் மிகுந்த உடல் வலிமை வாய்ந்தவர் அல்லர். பந்தை ஓங்கி அடித்து எதிராளியைத் திணறச் செய்தவரும் அல்லர். அப்படியிருந்தும் அவர் இந்நிலையை அடைந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பட்டம் என்றால் என்ன?

நம் பள்ளித் தேர்வில் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தாலும் மற்றொரு பாடத்தில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். டென்னிஸ் போட்டியில் அதற்கு இடமில்லை. ஒருமுறை தோற்றவர் உடனே வெளியேற வேண்டும். 32 பேர் கலந்துகொள்ளும் போட்டியில் பட்டம் பெற ஐந்து சுற்றுகளில் தொடர்ந்து வெல்ல வேண்டும். 128 பேர் கலந்துகொண்டால் ஏழு சுற்றுகளிலும் வெல்ல வேண்டும். ஆகவே ஒரு பட்டம் என்பது ஒருநாள் வெற்றியைக் குறிப்பதன்று. அப்போட்டி முடியும் வரை ஒருவரிடமும் தோற்காதவர் என்பதற்கு அது சான்று.

இத்தகைய போட்டிகளுள் நான்கு தலையாயவை. ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய அந்த நான்கும் 'கிராண்ட் ஸ்லாம்' போட்டிகள் எனப்படும். எவர்ட் வென்ற 157 பட்டங்களுள் 18 இவ்வகையைச் சேர்ந்தவை.

இளமையும் பயிற்சியும்

கிறிஸ்டின் மேரி எவர்ட் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் புளோரிடா மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் ஐந்து குழந்தைகள். தந்தை ஜிம்மி எவர்ட், ஃபோர்ட் லாடர்டேல் நகரின் பொதுப் பூங்கா ஒன்றில் டென்னிஸ் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். அவர் 1947இல் கனடா நாட்டு ஒற்றையர் பட்டத்தை வென்றவர். அவருடைய பிள்ளைகள் ஐவரும் அப்பூங்காவின் களிமண் தரையில்தான் ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

கிறிஸ் சிறு வயதில் மெலிந்த உடலினர். வலக்கைக்காரர்கள் தம் இடப்பக்கம் வரும் பந்தைத் திருப்பி அடிப்பதை 'பேக்ஹேண்ட்' என்பர். அக்காலத்தில் பெரும்பாலோர் அதை ஒரே கையால் அடித்து வந்தனர். இந்தச் சிறுமிக்கு மட்டையை ஒரு கையால் தாங்கப் பலம் போதவில்லை. ஆகவே இரண்டு கைகளாலும் மட்டையைப் பிடித்து அடித்தார். வளர்ந்தபின் மகள் இவ்வழக்கத்தை மாற்றிக்கொள்வாள் என்றே தந்தை நினைத்திருந்தார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பலக்குறைவால் வந்த அந்த வழக்கமே பின்னாளில் அவருடைய மிகச் சிறந்த ஆயுதமாயிற்று. அவரைப் பார்த்து எத்தனையோ சிறுமியர் அம்முறையைப் பின்பற்றினர். இன்று பெண்கள் டென்னிஸில் இரு கை பேக்ஹேண்ட் என்பது சர்வசாதாரணமாகிவிட்டது.

புனித தாமஸ் அக்குவினாஸ் பெயரால் அமைந்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தார். பள்ளி மாணவியாக இருக்கும்போதே உலகம் அவரை அறிந்துகொண்டது. ஆஸ்திரேலிய வீராங்கனை மார்கரெட் கோர்ட் 1970இல் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று புகழின் உச்சியில் இருந்தார். அவ்வெற்றி நிகழ்ந்த சில வாரங்களுக்குள், சார்லட் நகரில் நடந்த போட்டியில் 15 வயது கிறிஸ் அவரை 7-6, 7-6 என்று தோற்கடித்தார். மறு ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியின் இரண்டாம் சுற்றில், இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையை ஆறு முறை கடந்து வென்றார். அரையிறுதி வரை முன்னேறிய பின்னரே பில்லி ஜீன் கிங்கிடம் தோற்றார். 18ஆம் பிறந்தநாளன்று, அதாவது 1972 டிசம்பர் 21ஆம் நாள், தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். அதுவரை தாம் வென்ற போட்டிகளின் பரிசுப் பணத்தை அவர் பெறவில்லை.

பட்டங்களின் பட்டியல்

அவர் வென்ற 18 பெரும் பட்டங்கள் இவை:

பிரெஞ்சு ஓபன் – 7 முறை (1974, 1975, 1979, 1980, 1983, 1985, 1986)
அமெரிக்க ஓபன் – 6 முறை (1975, 1976, 1977, 1978, 1980, 1982)
விம்பிள்டன் – 3 முறை (1974, 1976, 1981)
ஆஸ்திரேலிய ஓபன் – 2 முறை (1982, 1984)

இவற்றின் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 1974 முதல் 1986 வரை 13 ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட விடுபட்டிருக்காது. பெரும் பட்டங்களின் மொத்த எண்ணிக்கையில் மார்கரெட் கோர்ட் (24), செரீனா வில்லியம்ஸ் (23), ஸ்டெஃபி கிராஃப் (22) ஆகியோர் அவரைவிட முன்னால் நிற்கின்றனர். ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரும் பட்டமேனும் வீதம் 13 ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அவர்களுள் எவரும் இல்லை.

பட்டியலில் ஒரு வெற்றிடத்தையும் கவனிக்கலாம். பிரெஞ்சு ஓபனில் 1975க்குப் பிறகு 1979க்குத் தாவுகிறது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அவர் அங்குத் தோற்கவில்லை. அமெரிக்காவில் நடந்த குழு டென்னிஸ் போட்டிகளில் ஆடியதால் பாரிசுக்குச் செல்லவே இல்லை. 1975 முதல் 1980 வரை ஆஸ்திரேலியாவுக்கும் அவர் செல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புலப்படாது.

தரையும் பொறுமையும்

டென்னிஸ் ஆடும் தரை மூன்று வகைப்படும். புல்தரையில் பந்து வேகமாகவும் தாழ்வாகவும் வழுக்கிச் செல்லும். வேகமாக அடிப்பவர்களுக்கு அது ஏற்றது. சிமெண்டு போன்ற கடினத் தரையில் பந்து ஒரே சீராக எழும்பும். களிமண் தரையில் பந்தின் வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். எவ்வளவு பலமாக அடித்தாலும் எதிராளி ஓடிச்சென்று எடுத்துவிடுவார். அங்குப் பத்து முறை, இருபது முறை என்று சலிக்காமல் பந்தைத் திருப்பி அனுப்புகிறவரே வெல்வார்.

எவர்ட் களிமண் தரையில் வளர்ந்தவர். தரையின் பின்கோட்டருகே நின்று, பந்தை ஆழமாகவும் குறி தவறாமலும் அடித்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். கோபத்தையோ மகிழ்ச்சியையோ முகத்தில் காட்ட மாட்டார். பத்திரிகைகள் அவருக்குப் 'பனிக்கன்னி' என்று பெயர் சூட்டின. 1973 ஆகஸ்டு முதல் 1979 மே வரை களிமண் தரையில் அவர் தொடர்ந்து 125 ஆட்டங்களில் வென்றார். ரோம் நகரில் 16 வயது டிரேசி ஆஸ்டினிடம் மூன்றாம் செட்டின் டை-பிரேக்கில் தோற்றபோதுதான் அத்தொடர் முடிவுற்றது. அதன்பின் என்ன செய்தார்? சில வாரங்களில் பிரெஞ்சு ஓபனை வென்றார். களிமண் தரையில் மேலும் 72 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். 125 வெற்றிகளைப் பாராட்டும் நாம் அந்த 72ஐ மறந்துவிடலாகாது. ஒரு முறை விழுந்தபின் பெற்ற வெற்றிகள் அல்லவா அவை!

தோல்விகளின் கணக்கு

பட்டங்களின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். தோல்விகளின் கணக்கை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. பெரும் போட்டிகளில் எவர்ட் 34 முறை இறுதியாட்டத்தை எட்டினார். 18 முறை வென்றார், 16 முறை தோற்றார். விம்பிள்டனில் பத்து இறுதியாட்டங்கள் ஆடி ஏழில் தோல்வியுற்றார்.

இவற்றுள் பெரும்பாலான தோல்விகளைத் தந்தவர் நவ்ரத்திலோவா. அவர் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து 1975இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். இருவரும் 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினர். தொடக்கத்தில் எவர்ட்டே பெரும்பாலும் வென்றார். பிறகு நவ்ரத்திலோவா கடும் உடற்பயிற்சியால் தம்மை வலுப்படுத்திக்கொண்டார். 1982 டிசம்பரில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டத்தில் அவரை வென்ற எவர்ட், அதன்பின் அவரிடம் தொடர்ந்து 13 முறை தோற்றார். இரண்டு ஆண்டுகள் ஒரே நபரிடம் தோற்றுக்கொண்டே இருப்பது எத்தகைய சோதனை என்று எண்ணிப் பாருங்கள். 'இனி என்னால் ஆகாது' என்று விலகியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் விலகவில்லை. முப்பது வயதை நெருங்கும் நிலையில் பழகிய மர மட்டையைக் கைவிட்டுப் புதுவகை கிராஃபைட் மட்டைக்கு மாறினார், உடற்பயிற்சியைக் கூட்டினார். 1985 தொடக்கத்தில் நவ்ரத்திலோவாவை வென்று அந்தத் தோல்வித் தொடரை முடித்தார். அவ்வாண்டு பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் 6-3, 6-7, 7-5 என்று அவரை மீண்டும் வீழ்த்தினார். மறு ஆண்டும் பாரிசில் அவரையே 2-6, 6-3, 6-3 என்று வென்று, 31ஆம் வயதில் தம் கடைசிப் பெரும் பட்டத்தைப் பெற்றார். 80 ஆட்டங்களின் முடிவில் நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37. பெரும் ஒற்றையர் பட்டங்களிலோ இருவரும் சமமாக 18 பெற்றனர்.

போட்டியும் நட்பும்

போட்டியாளர்கள் என்றால் பகைவர்கள் என்று நினைப்போர் உண்டு. இவ்விருவரும் இணைந்து 1975இல் பிரெஞ்சு ஓபனிலும் 1976இல் விம்பிள்டனிலும் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். ஓய்வு பெற்ற பின்னரும் அந்நட்பு தொடர்ந்தது.

எவர்ட்டின் தங்கை ஜீன், அவரும் டென்னிஸ் வீராங்கனையே, 2020இல் சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். அக்குடும்பத்தில் அந்நோய்க்கு இடந்தரும் மரபணுக் கூறு இருப்பது பின்னர் தெரியவந்தது. எவர்ட் தாமும் பரிசோதனை செய்துகொண்டு, முன்னெச்சரிக்கையாக அறுவைச் சிகிச்சை பெற்றபோது, அதே நோய் தொடக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அவர் இதை மறைக்காமல் வெளியிட்டார். மற்றப் பெண்களும் குடும்ப நோய் வரலாற்றை அறிந்து காலத்தே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். மறு ஆண்டு நவ்ரத்திலோவாவும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். எண்பது முறை எதிரெதிர் நின்ற இருவரும் அந்நாட்களில் ஒருவருக்கொருவர் துணையாயினர். 2023 டிசம்பரில் எவர்ட்டுக்கு நோய் திரும்பியபோது அதையும் அவரே அறிவித்தார். தம் பட்டங்களால் கிடைத்த புகழை இவ்வாறு பிறர் நலனுக்குப் பயன்படுத்தியது போற்றத்தக்கது. பெற்றோர்களும், சிறப்பாகத் தாய்மார்களும், இச்செய்தியை மனத்தில் கொள்வது நலம்.

நாம் கற்பது

புனித சின்னப்பர் கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பரிசை விரும்புகிறவர் தம்மை ஒறுத்துப் பழக வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. கிறிஸ் எவர்ட் ஆடிய 56 பெரும் போட்டிகளுள் 52இல் அரையிறுதியையேனும் எட்டினார். 1989இல் ஓய்வு பெறும் வரை 1,300க்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றார். நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு வெற்றிகள். இவை ஒருநாள் உற்சாகத்தால் வந்தவை அல்ல. பூங்காவின் களிமண் தரையில், பள்ளி விட்டதும் மாலைதோறும் அதே பந்தை அதே இடத்திற்கு அடித்துப் பழகியதால் வந்தவை.

நம்மில் எல்லோருக்கும் அபாரத் திறமை வாய்ப்பதில்லை. கணக்கில் பின்தங்கியவர் உண்டு. பாட வராதவர் உண்டு. ஓடினால் மூச்சு வாங்குகிறவரும் உண்டு. ஒரு கையால் முடியாததை இரு கைகளால் செய்யலாம் என்று காட்டியவர் எவர்ட். இறைவன் நமக்குத் தந்த தாலந்து ஒன்றே ஆயினும், அதைப் புதைத்துவைக்காமல் நாள்தோறும் பயன்படுத்துவோம். தோல்வி வரும், பதின்மூன்று முறையும் வரலாம். பதினான்காம் முறை களத்தில் இறங்கும் மனவுறுதியை நம் மாணவியர் அனைவரும் பெற வாழ்த்துகிறோம்.