துலா மிதித்த கால்களைக் கைவிடாதீர்கள்

"தேகப்பயிற்சியா? அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நான் மிதிக்காத துலாவா, கொத்தாத தோட்டமா?"

வயதான கமக்காரரிடம் உடற்பயிற்சி பற்றிக் கதைத்தால் பெரும்பாலும் வருவது இந்தப் பதில்தான். இதில் உண்மையும் உண்டு. வற்றாத ஆறு இல்லாத யாழ். குடாநாட்டில் தோட்டம் கிணற்றை நம்பியே இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் பயணமும் சுமையும் சைக்கிளில்தான். அந்நாட்களில் பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வேலையே பயிற்சியாக இருந்தது.

இடப்பெயர்வு எடுத்துச் சென்றது என்ன?

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. வீடும் காணியும் போனதை நாம் கணக்கில் வைத்திருக்கிறோம். காணியோடு சேர்ந்து நாளாந்த உடலுழைப்பும் போனதை அநேகர் கவனிக்கவில்லை. முகாமிலோ, உறவினர் வளவிலோ, இரண்டு பரப்புக் காணியிலோ கொத்துவதற்கும் இறைப்பதற்கும் என்ன இருந்தது? உண்ணும் சோற்றின் அளவு மாறவில்லை; உழைப்பு மட்டும் நின்றது. இன்று சலரோகம், பிரஷர், முழங்கால் நோ என்று கிளினிக் வரிசையில் நிற்பவர்களில் பலர் ஒருகாலத்தில் துலா மிதித்தவர்களே.

பழைய உழைப்பு இன்றைக்கு உதவாதா?

உடம்பு வங்கிப் புத்தகம் அல்ல. இளமையில் போட்டுவைத்த பலத்தை முதுமையில் எடுத்துச் செலவழிக்க முடியாது. நடுவயதிலிருந்தே தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. 60 வயதுக்குப் பின் இன்னும் வேகமாகக் குறைகிறது. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியின் பெரும்பங்கை ஏற்பது தசைதான். அது சுருங்கி, அசையாமலும் இருந்தால் சீனி இரத்தத்திலேயே தங்கும். சலரோகத்தின் எல்லையில் இருந்தவர்களை வைத்து இந்தியாவில் செய்த ஆய்வொன்றின் முடிவு 2006 இல் வெளியானது. உணவைச் சீராக்கி ஒழுங்காக உடலை அசைத்தவர்களிடையே மூன்று வருடங்களில் நோய் வந்தது கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

காலம் கடந்துவிட்டதா?

இல்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை அண்டிய 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பலப்பயிற்சி கொடுத்தார்கள். 1990 இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேலாகக் கூடியிருந்தது. 90 இல் முடிந்தது 65 இல் முடியாதா?

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கூறிய அளவு இது: கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு. அதாவது நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் வேகநடை. கதைக்க முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதோடு கிழமையில் இரண்டு நாள் தசைக்குப் பலப்பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்கள் விழாமல் இருக்க, மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துமுறை எழும்பி இருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். பிடித்தபடியே ஒற்றைக் காலில் சிறிது நேரம் நில்லுங்கள். தண்ணீர் வாளி தூக்குவதும் வீட்டுத்தோட்டம் கொத்துவதும் கணக்கில் சேரும்.

மனம் பின்வாங்கும்போது

தொடங்குவது எளிது; நான்காம் கிழமையில் நிற்பதுதான் வழமை. அதற்குச் சில வழிகள்:

1. மன உற்சாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முன்பு இறைப்பு முறை வந்தால் மனம் கேட்டா இறைத்தோம்? காலைத் தேநீர் குடித்ததும் நடை என்று, நாளும் செய்யும் ஒரு வேலையோடு பயிற்சியை முடிந்துவிடுங்கள்.

2. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கிழமைக்குக் கிழமை ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

3. தனியே போகாதீர்கள். அயலவர் ஒருவர் படலையில் காத்து நின்றால் படுத்திருக்க மனம் வராது. "வேலையில்லாமல் றோட்டில் நடக்கிறா" என்ற கதைக்குப் பயந்து நிற்கும் பெண்களுக்கும் இதுவே வழி. மூன்று பேர் சேர்ந்து நடந்தால் கதை நின்றுவிடும்.

4. நடந்த நாளைக் கலண்டரில் குறியுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். லண்டனில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை.

5. இழப்பின் துயரத்தால் எழும்பவே மனமில்லாத நாட்கள் உண்டு. அந்நாட்களில் ஒழுங்கை முடக்குவரை மட்டும் போய் வாருங்கள். நடை துயரத்தை அழிக்காது. சுமக்கும் பலத்தைக் கூட்டும்.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சு நோ, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இருதய நோயாளர் தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சலரோகத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறுவயிற்றில் நடக்க வேண்டாம். இனிப்பு ஏதாவது கையில் வைத்திருங்கள். செருப்பு அவசியம், இரவில் பாதத்தில் காயம் உண்டா என்று பாருங்கள். வெயில் ஏறுமுன் நடந்து முடியுங்கள். மிதிவெடி அறிவித்தல் உள்ள இடங்களுக்கும் பாவனையற்ற பற்றைக் காணிகளுக்கும் போகாதீர்கள்.

2009 இன் பின் வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து வருடம் கழித்துப் போனவர்கள் பற்றை மூடிய வளவுகளைக் கண்டார்கள். எல்லை எது, கிணறு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்பதை அறிந்தவர்கள் முதியவர்களே. உறுதிப் பத்திரத்தில் இல்லாத இந்த அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைக்குக் கிணற்றடியில் நின்று காட்ட வேண்டுமானால், அங்கே நடந்து போகக் கால் வேண்டும். அந்தக் கால்களுக்காக நாளைக் காலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.