கல்லூரி மூடும் மாதத்தில் பாரதம் தொடங்கும்

ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்களும் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களும் ஒரு குறையைத் தவறாமல் சொல்கிறார்கள்: ஊரில் பார்க்க, கேட்க ஒன்றும் இல்லை. நாடகமோ கச்சேரியோ வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் பெங்களூரில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சபாவையும் ஏசி அரங்கத்தையும் தேடினால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கல்லூரிகள் தேர்வை முடித்துக் கதவைச் சாத்தும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மிகப் பெரிய கலை நிகழ்ச்சி சூடுபிடிக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திடலிலும் பக்கத்து வெற்று வயலிலும் மகாபாரதக் கதையைக் கூத்தாக விடிய விடிய ஆடுவார்கள். டிக்கெட் கிடையாது. "எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க" என்று ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். முதல் முறை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் வேறு விழாக்களும் உண்டு. தை பிறந்ததும் எருது விடும் விழா. காளையின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க இளைஞர்கள் பாய்வார்கள். 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் இந்த விழாவுக்கு அனுமதி கேட்டு மக்கள் மறியலில் இறங்க, தேசிய நெடுஞ்சாலையே மணிக்கணக்கில் முடங்கியது, அவ்வளவு பற்று. பங்குனியை ஒட்டி ஓசூர் மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரருக்குத் தேர். அன்று ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து காதில் விழும். கோடையில் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும். மாம்பழ ரகங்களைப் பார்த்து முடித்தவர்கள் மாலையில் கலை நிகழ்ச்சி மேடைக்கு முன்னால் உட்காரலாம். இவற்றைப் பற்றிச் செய்தித்தாளில் வந்துவிடும், வழிகாட்டத் தேவையில்லை. பாரதத்தைப் பற்றித்தான் வெளியூர்க்காரர் காதுக்குச் செய்தி எட்டுவதில்லை.

கோடையில் நடப்பதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. இங்கே மானாவாரி ராகியை ஆடியில் விதைத்து, மார்கழிக்குள் அறுத்துவிடுவார்கள். அதன் பிறகு அடுத்த மழை வரை மேட்டு நிலத்தில் பெரிய வேலை இல்லை. களம் காய்ந்து கிடக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் விடுப்பெடுத்து வருவார்கள். பத்து இரவோ பதினெட்டு இரவோ ஊரே விழித்திருக்க வேண்டுமானால் வேறு மாதம் ஒத்துவராது. கூத்து ஆடுகிறவர்களிலும் பலர் விவசாயக் கூலிகள்தான். அவர்களுக்கும் இந்த மாதங்களில்தான் கை ஓயும்.

விழா காப்புக் கட்டுவதில் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை நிகழ்ச்சி. பிற்பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து செய்யுளைப் பாடிப் பொருள் சொல்வார், பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார். கிழவிகள் வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிரசங்கியார் ஓரிடத்தைத் தாண்டிப் போனால் அவர்களே நினைவூட்டுவதும் உண்டு. பகலில் சொல்லக் கேட்ட அதே பகுதியை இரவில் கூத்தாக ஆடுவார்கள். இரவுக் கூத்து புரியவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் பகல் பிரசங்கத்தைக் கேட்காதவர்கள். இரண்டுக்கும் போங்கள், பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கிளம்பினாலும் தாமதமில்லை. முதலில் மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் சேர்ந்த தொடக்க இசை, பிறகு கட்டியங்காரன். கதையை அறிவிப்பவன், கிண்டல் செய்பவன், அரசனுக்குச் சேவகன் எல்லாம் அவனே. அதன்பின் இருவர் துணியைத் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று பாடியபடி வேஷக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டுவார். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. எடை குறைவு என்றாலும் அவற்றைக் கட்டிக்கொண்டு விடியும்வரை கிறுகிறுவென்று சுற்றி ஆடுவது சாமானிய உழைப்பு அல்ல. பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே கட்டுகிறார்கள்.

எல்லா இரவும் போக முடியாதவருக்கு நான் சொல்வது நான்கு. ஊர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

முதலாவது, திரௌபதி துகில் உரிதல். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கூத்து நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். தான் செய்யப்போவது பாவம், இது வேஷத்துக்காக, அம்மன் மன்னிக்க வேண்டும் என்று அவர் கும்பிடுவார். இழுக்கும் நேரத்தில் அவர் மயங்கி விழுவதும், கூட்டத்தில் யாருக்காவது சாமி வருவதும் நடக்கும். நாடகம் எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று அந்த இடத்தில் கோடு போட முடியாது. இந்தக் கலையை அறிய ஓர் இரவுதான் ஒதுக்க முடியும் என்றால் இந்த இரவை ஒதுக்குங்கள்.

இரண்டாவது, அர்ச்சுனன் தபசு. இதைப் பல ஊர்களில் பகலிலேயே வைக்கிறார்கள், குழந்தைகளோடு போகலாம். பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அர்ச்சுனன், திடலில் நட்ட உயரமான மரத்தில் படிக்கொரு பாட்டாகப் பாடியபடி ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் விபூதியையும் மடியில் ஏந்திக்கொள்வார்கள்.

மூன்றாவது, விராட பர்வத்து மாடுபிடி சண்டை. கௌரவர்கள் கவர்ந்த பசுக்களை அர்ச்சுனன் மீட்கும் கதை. இந்த மண்ணில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். சிலவற்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவற்றைப் பார்த்துவிட்டு இந்தக் கூத்துக்குப் போங்கள். மாட்டுக்காக உயிர்விடுவது இங்கே புராணத்துக்கு வெளியேயும் நடந்த காரியம் என்பது விளங்கும்.

நான்காவது, பதினெட்டாம் போர், அதாவது துரியோதனன் படுகளம். திடலில் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனனை மண்ணால் செய்து வர்ணம் பூசி வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உருவத்தைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். கடைசியில் பீமனின் கதாயுதம் தொடையில் விழ, சிவப்பு நீர் பீறிடும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி அவிழ்ந்த கூந்தலை முடிக்கிறாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி கேட்டுச் சுற்றியுள்ள பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். இத்தனை நாளும் அவனைத் திட்டித் தீர்த்தவர்கள் அவர்கள்தான். எதிரியின் சாவுக்கும் அழ இடம் வைத்திருக்கிறது இந்தக் கூத்து. நான் இதை எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது அதற்காகவே. முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடியை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அன்று மாலை தீமிதி, அடுத்து தருமர் பட்டாபிஷேகம்.

வில்லிபுத்தூராரின் பாரதம் பத்துப் பருவங்களோடு, போர் முடிவதோடு நின்றுவிடுகிறது. விழாவும் பட்டாபிஷேகத்தைத் தாண்டுவதில்லை. பாண்டவர்கள் சொர்க்கம் போன கதைக்கு என்ன ஆயிற்று என்றால், எல்லை தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். பெங்களூர் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் சைத்ர பௌர்ணமி இரவில் எடுக்கும் கரகம் இதே திரௌபதிக்குத்தான். பாண்டவர்கள் சொர்க்கம் போகும் வழியில் பின்தங்கிய திரௌபதி, திமிராசுரனை எதிர்க்க வீரகுமாரர்களை உண்டாக்கினாள் என்றும், அவர்கள் பிரிய மறுத்ததால் ஆண்டுதோறும் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தாள் என்றும் அங்கே கதை. வீரகுமாரர்கள் உருவிய வாளோடு சூழ்ந்துவர, பெண் கோலம் பூண்ட பூசாரி தலையில் பூக்கரகத்தோடு இரவெல்லாம் பேட்டைத் தெருக்களைச் சுற்றுவார். தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போவார். அதை நடத்தும் திகளர்கள் தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம். கிழக்கே சித்தூர் பக்கம் போனால் பகலில் தெலுங்கு ஹரிகதை, இரவில் தெலுங்கு நாடகம், மற்றபடி விழா இதே விழா. தமிழ்ப் பக்கம் போர்வரை ஆடுகிறது, கன்னடப் பக்கம் போருக்குப் பின் நடந்ததைக் கொண்டாடுகிறது. இரண்டையும் ஒரே கோடையில் பார்க்க வாய்ப்புள்ள ஊர்களில் ஓசூரும் ஒன்று. ஓசூரில் இருப்பதன் பெரிய பாக்கியமாகவே இதை நான் நினைக்கிறேன்.

போகும் முன் சில விஷயங்கள். ஓசூர் நகருக்குள் தேடி அலைய வேண்டாம். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை வட்டாரங்களில் தேடுங்கள். உடன் வேலை செய்பவர்களில் அந்தப் பக்கத்துக்காரர் இருந்தால் அவரைக் கேட்பதே நல்ல வழி. உட்காரப் பாயோ சாக்கோ, பின்னிரவுக்கு ஒரு போர்வை. ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் கதையை அவர்களே விளக்கிவிடுவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். துகில் உரிதலின்போதும் தீமிதியின்போதும் செல்போனை உயர்த்திப் பிடித்துப் பின்னால் இருப்பவர்களை மறைக்காதீர்கள். தீமிதிக் குண்டத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளைக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஆட்டம் பிடித்துப்போனால் நூறோ ஐம்பதோ அன்பளிப்பாகக் கொடுங்கள். வேஷக்காரர் உங்கள் பெயரையும் ஊரையும் ஆட்டக்களத்தில் சொல்லி வாழ்த்துவார். அந்த வரும்படி அவர்களுக்கு உண்மையில் தேவை. பட்டாபிஷேகம் முடிந்ததும் குழு அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடும். அதற்குள் கூத்து வாத்தியாரைப் பார்த்து அடுத்த பாரதம் எந்த ஊரில், எந்த தேதியில் காப்பு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.